ஒற்றை எண்

பதினொராம் கட்டில்: இருபது.
பன்னிரண்டு: இருபது.
பதின்மூன்றாம் கட்டில் பரமு
வெற்றிலை வாங்க வாசலுக்குப் போய்
அரை மணித்தியாலம்.
அவருக்கும் இருபது.

மாங்குளத்தில் காலை எட்டரை.
வவுனியா பஸ் இறக்கிவிட்ட ஆறு வெள்ளைச் சீருடைகள்,
ஆறு சோடி புதுச் சப்பாத்து.
ஒரு சோடி மட்டும் நடக்கையில் கீச்சிடும்.
அந்தச் சப்பாத்துக்காரி டிலக்சனா,
சுவாச வீதம் எழுதும் நிரலில்
பதினாறு பேரையும்
ஒரே தாளத்தில் மூச்சுவிட வைத்தவள்.

"எண்ணினீரோ?"
"ஓம் மிஸ்."
"பரமுவையுமோ?"
இன்னொரு ஓமுக்குத் திறந்த வாய்
திறந்தபடி நின்றது.

கூரைத் தகரத்தில் குரங்குகள் ஓடின.
திட்டுவதற்கு நேரமில்லை எனக்கு.
மருந்து வண்டி பாதி வழியில்.
புதிதாய் இரண்டு பேர்:
வெட்டு மெசினுக்கு விரல் கொடுத்த ஒருவர்,
மூன்று நாள் காய்ச்சலோடு முறிகண்டியிலிருந்து ஒருவர்.

பதினொரு மணிக்குத்தான்
செபமாலையின் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டேன்.
"நாடி பார்க்கிற மாதிரிக் கையைப் பிடியும்.
மூச்சை எண்ணுறீர் எண்டு தெரிஞ்சால்
மனுசர் மூச்சை மாத்திப் போடுவினம்.
கண் நெஞ்சில இருக்கட்டும்.
முழு நிமிசம்.
அரை நிமிசம் எண்ணி இரண்டால பெருக்கினால்
எனக்குத் தெரியும்."
"எப்பிடி மிஸ்?"
"எப்பவும் இரட்டை எண்தான் வரும்."

அவள் இருந்தாள்.
நானும் பக்கத்தில் நின்றேன், மணிக்கூட்டைப் பார்த்தபடி.
ஒரு நிமிடம் இவ்வளவு நீளமென்று
மறந்து எத்தனை வருடம்.
அதற்குள் யாழ்ப்பாண ரயில் ஒன்று வந்து
ஸ்டேஷனில் மூச்சு வாங்கியது.
அடுத்த கட்டில்காரர் கஞ்சியை ஊதி ஊதி
ஒரு கரண்டி குடித்தார்.
செபமாலையின் சட்டையில் இரண்டாம் பொத்தானுக்குப் பதில்
ஒரு பின்.
அதன் மேல் ஏறி, இறங்கி, ஏறி.

"பத்தொன்பது, மிஸ்."

யாரும் மனத்தால் எழுதாத எண்.
நான் தலையாட்டித் திரும்பும்போது
மெல்லச் சொன்னாள்:
"இடப்பக்கம் குறைவா எழும்புது மிஸ்."

செபமாலை சிரித்தார்.
"அது பழசு பிள்ளை. உள்ளுக்கு இரும்பு கிடக்கு.
அந்தப் பக்கம் அப்பிடித்தான், அரைச் சம்பளத்துக்கு வேலை."

ஐந்து நாளாய் அவருக்கு மருந்து கொடுக்கிறேன்.
கட்டில் டிக்கற்றில் அப்படி ஒரு வரி இல்லை.
எழுதினேன். டொக்டருக்கும் சொன்னேன்.

இரவு, எல்லோரும் தூங்கிய பின்
பழைய தாள்களைப் புரட்டினேன்.
போன செவ்வாய், அதிகாலை இரண்டு மணி.
இருபது. இருபது. இருபது.
ஓரத்தில் என் சுருக்கொப்பம்,
அதன் வால் கூட அலட்சியமாய்.

அவளுடைய பயிற்சிக் கொப்பியில் நான்கு நிரல்கள்.
பார்த்தார். உதவினார்.
மேற்பார்வையில் செய்தார். தனியே செய்தார்.
மூன்றாவதில் ஒப்பமிடப் போன பேனை
கொஞ்ச நேரம் மேலேயே நின்றது.
அந்தச் செவ்வாய் இரவில்
என்னை மேற்பார்த்தவர் எவருமில்லை.
பதினாறு பேர் தூக்கத்தில்
தத்தம் கணக்கில் மூச்சுவிட்டார்கள்.

காலையில் அந்தத் தாளை அவள் முன் வைத்தேன்.
"இது ஆரின்ர எழுத்து?"
ஒப்பத்தைப் பார்த்தாள்.
என் பெயர்ப் பட்டியைப் பார்த்தாள்.
பிறகு நிலத்தைப் பார்த்தாள், எனக்காக.
அந்த மரியாதையை வாங்கிக்கொள்ள
எனக்குக் கூச்சமாயிருந்தது.
"நிமிரும்," என்றேன். "வாரும், துவங்குவம்."

பதின்மூன்றாம் கட்டிலில் இன்று பரமு இருக்கிறார்,
வாய் சிவந்து, கதை முட்டி:
மழையைப் பற்றி, யானை முறித்த வேலி பற்றி,
மருமகன் வாங்கிய லாண்ட்மாஸ்ரர் பற்றி.
சப்பாத்து கீச்சிட்டு வந்தது என்னிடம்.
"கதைச்சுக்கொண்டே இருக்கிறார் மிஸ்,
எண்ணேலாமக் கிடக்கு."

"இரும்," என்றேன்.
"எப்பிடியும் ஒருக்கா நிப்பாட்டுவார்."

கையைப் பிடித்தபடி
யானைக் கதை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.
நிரல் வெறுமையாய்க் கிடக்கிறது.